நூற்று நாற்பத்தேழாம் இதழ்

ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மலையைப் புரட்டிப் போட்டவன் மாதிரி நிரோஷன் பல்கலைக்கழகக் கன்டீனில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். பாதிக் கோப்பை இறங்குவதற்குள் அவனுடைய ஆய்வு மேற்பார்வையாளர் சுதர்ஷினி மேடத்தின் குரல்பதிவு வந்து விழுந்தது.

“நிரோஷன், வாசிச்சேன். ‘ஈரப்படங்கு’ சஞ்சிகையோட இதழ் நூத்தி நாப்பத்தேழுல இந்தக் கவிதை வந்ததா அடிக்குறிப்பு போட்டிருக்கீங்க. அது தோட்டத்து ரோனியோ சஞ்சிகை, ஒரே ஒரு வருஷந்தான் வந்துச்சுன்னு முன்னுரையில நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு வருஷத்துல நூத்தி நாப்பத்தேழுன்னா, ரெண்டு நாளைக்கு ஒண்ணு போட்டாங்களா? இன்னொண்ணு, இணைய ஆதாரம் அஞ்சு குடுத்திருக்கீங்க. அஞ்சையும் வரிசையா ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. மூலப் பிரதியைக் கண்ணால பார்த்துட்டு எழுதுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

அன்று செவ்வாய்க்கிழமை.

நிரோஷன் ஐந்து பக்கங்களையும் கைபேசியில் வரிசையாகத் திறந்தான். ஐந்திலும் ஒரே வசனம் இருந்தது: ‘மலையன்னை சிந்திய கண்ணீரே மழையாகி, மழையே மையாகி, அம்மையே கவிஞர் சோலைமலையின் பேனாவில் கவிதையாயிற்று.’ இந்த வசனத்தை அவன் தன் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் ‘மிகச் செறிவான மதிப்பீடு’ என்று பாராட்டியும் வைத்திருந்தான். இப்போது வாசிக்கையில் அந்தச் செறிவில் எங்கேயோ பழகிய வாசனை அடித்தது. ஒரு தளம் ஒரு விழா மலரிலிருந்து எடுத்திருந்தது. விழா மலர் இன்னொரு தளத்திலிருந்து. அது வேறொன்றிலிருந்து. பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் 2015ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வலைப்பூவில் போய் நின்றது. வலைப்பூவின் பெயர் ‘மலைமுகில்’. எழுதியவர் நிரோ. பக்கத்தில் தலைமுடிக்கு ஜெல் பூசிய ஒரு பதினாறு வயதுப் படம்.

ஐந்து சாட்சிகளும் ஒரே பொய்யன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். பொய்யன் கன்டீனில் பிளேன்டீ ஆறிப்போக உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு விடுமுறையில் சோலைமலை மாமாவின் தகரப்பெட்டியைக் குடைந்தபோது ரோனியோ மெஷினில் கையால் சுற்றிப் பிரதியெடுத்த ஒரு தாள் கிடைத்தது. மாமா அவன் அம்மாவின் அண்ணன், றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். தாளின் மேலே ‘ஈரப்படங்கு’ என்று சஞ்சிகையின் பெயர். நடுவில் நாலு வரிக் கவிதை. கீழே 147 என்று ஓர் எண். எழுத்து சாட்சாத் மாமாவின் முத்து முத்தான கையெழுத்து. ஆகவே கவிஞர் மாமா, இதழ் 147. சாதாரண ஆள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருப்பான். நிரோஷன் வலைப்பூ எழுதினான்.

அதை ஊரும் நம்பியது. இரண்டு வருஷத்தில் டவுனில் நடந்த சாகித்திய விழாவில் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது அதே மருமகன் ‘பெண்துயர் பாடிய ஆண்குரல்’ என்று தலைப்பிட்டு அறுபது பக்கம் எழுதியிருக்கிறான். 147 கழன்றால் தலைப்பு கழன்றுவிடும். தலைப்பு கழன்றால் அறுபது பக்கமும் பின்னாலேயே வந்துவிடும்.

மாமாவுக்கு அழைப்பெடுத்தான்.

“மாமா, ‘ஈரப்படங்கு’ மொத்தம் எத்தனை இதழ் வந்துச்சு?”

“இதழா? அந்தக் காலத்துல பேப்பர் கிடைக்கிறதே பெரும்பாடு மாப்ள. ஒருதரம் நானுஓயாவுக்கு ஒரு பண்டல் வந்து கெடக்குன்னு தகவல். போனா, அது பண்டலே இல்ல, யாரோ அனுப்புன கேரட்டு...”

கேரட்டு கதை இருபது நிமிஷம் ஓடியது. மாமாவிடம் மணி கேட்டால் கைக்கடிகாரம் வாங்கிய கதை வரும். அது முடியும்போது கேட்டவனே வெயிலைப் பார்த்து மணி தெரிந்துகொண்டிருப்பான்.

புதன்கிழமை காலை பஸ் ஏறி, மத்தியானத்துக்குள் ஹட்டனில் இறங்கினான். நேராகப் பைஸர் நானாவின் கடை.

ஒருகாலத்தில் அது ‘கொமியூனிகேஷன்’. ஐந்து கம்ப்யூட்டர்கள், ஐந்துக்கும் பலகைத் தடுப்பு. மூன்றாம் நம்பர் மெஷினில் ‘ழ’ எழுத்து வேலை செய்யாது. பாடசாலை விட்டதும் நனைந்த வெள்ளைச் சட்டையோடு வந்து, கூட்டத்தில் இடித்துப் பிடித்து உட்காருவார்கள். பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒருத்தி “டேய், ‘தமிழ்’க்கு என்னடா பண்ணுறது?” என்று கத்துவாள். இவன் ‘ழ’வை வேறெங்கிருந்தோ பிரதியெடுத்துக் கொடுத்துப் பெரிய விஞ்ஞானி மாதிரி நிமிர்ந்து உட்காருவான். மழை கனத்தால் கரன்ட் போகும். எழுதியது அத்தனையும் போகும். எல்லோரும் ஒரே குரலில் ஒரு சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தில் துக்கத்தைவிடக் கொண்டாட்டமே கூடுதலாக இருக்கும். ‘மலைமுகில்’ பிறந்தது அந்த மூன்றாம் நம்பர் மெஷினில்தான்.

இப்போது தடுப்புகளும் இல்லை, மெஷின்களும் இல்லை. சுவர் முழுக்கக் கைபேசி உறைகள் தொங்கின. பைஸர் நானாவின் தாடி மட்டும் வெள்ளையாகியிருந்தது.

“வாங்க எழுத்தாளரே! கம்பஸ் போய் மெலிஞ்சிட்டீங்க. அங்க சோறு இல்லையா?”

“சோறு இருக்கு நானா. ஆதாரந்தான் இல்ல.” விஷயத்தைச் சொன்னான். தான் செய்த பகுதியை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னான்.

பைஸர் நானா சிரிக்கவில்லை. மூலையில் குவிந்திருந்த உறைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அடியில் ஒரு கறுத்த ரோனியோ மெஷின் கைப்பிடியோடு உட்கார்ந்திருந்தது.

“வாப்பாட மெஷின். ‘ஈரப்படங்கு’ இதுலதான் அடிச்சது. மாஸ்டர் ஸ்டென்சில் வெட்டிக்கிட்டு சனிக்கிழமை வருவாரு, வாப்பா சுத்துவாரு, நான் தாளை எடுத்து அடுக்குவேன். பள்ளிக்கூடம் போனா திங்கக்கிழமையும் விரல்ல மை இருக்கும், வாத்தியார் அடிப்பாரு.” அவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். அது முனகிக்கொண்டே சுற்றியது. “ஒம்பது தரம் அடிச்சோம். ஒம்பதே ஒம்பது.”

“அப்ப நூத்தி நாப்பத்தேழு?”

“அது எனக்குத் தெரியாது தம்பி.”

“கவிதையெல்லாம் மாமாதானே எழுதுனாரு?”

பைஸர் நானா ஒரு பெட்டியைத் தூக்கித் தூசி தட்டினார். தூசி இல்லாத இடத்தையும் தட்டினார். “மாஸ்டர் கொண்டாந்தாரு, நாங்க அடிச்சோம். ஒம்பதையும் ஒண்ணாக் கட்டி வாப்பா லைப்ரரிக்குக் குடுத்தாரு. அங்க போய்ப் பாருங்க. மறுகா வந்து டீ குடிங்க.”

டவுன் நூலகம் மாடியில். படியேறும்போதே ஈரப் பேப்பரும் பூச்சி உருண்டையும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்து முகத்தில் அப்பியது. நிரோஷனுக்கு மூக்கு அடைத்தது. காரணம் வாசனை என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலோர மேசை அப்படியே இருந்தது. அதன் கால் ஆட்டத்துக்கு அன்று அவன் மடித்து வைத்த அட்டைகூட இருந்தது. நூலகத்துக்கு அவன் செய்த ஒரே உருப்படியான காரியம்.

கவுன்டரில் தனுஜா. அவனுடைய வகுப்புத்தோழி. ‘தமிழ்’க்கு வழி கேட்டுக் கத்தியவள் அவள்தான்.

“அடடே, மலைமுகில்! மழை கொட்டப்போகுதுன்னு நெனச்சேன், நீதானா?”

“சத்தம் போடாத, லைப்ரரி.”

“இருக்கிறது நீயும் நானும், அந்தத் தாத்தாவும். அவரு பேப்பர் படிக்கல, தூங்குறாரு. என்ன வேணும் சொல்லு.”

கவிதை அலுமாரியில் ‘ஈரப்படங்கு’ இல்லை. சஞ்சிகை வரிசையிலும் இல்லை. தனுஜா பதிவேட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படங்கு என்றால் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் தேயிலைக் குச்சிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த துணி. பதிந்தவர் தலைப்பை மட்டும் பார்த்திருக்கிறார். புத்தகம் விவசாயப் பகுதியில், உர அளவு சொல்லும் கையேட்டுக்கும் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கையேட்டுக்கும் நடுவில், முப்பத்தைந்து வருஷமாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

ஒன்பது இதழ்களும் ஒரே கட்டில். நூல்கூட விடவில்லை. எல்லாமே மாமாவின் கையெழுத்து. நாலாம் இதழில் அந்தக் கவிதை.

*மேல நனைச்சது மழை*
*உள்ள நனைச்சது பால்*
*படங்கு ரெண்டையும் குடிச்சிருச்சு*
*பசி யாருக்குன்னுதான் அதுக்குத் தெரியல*

கீழே 147.

பக்கத்தைத் திருப்பினான். அடுத்த கவிதையின் கீழே 88. அதற்கடுத்து 203. பிறகு ஒரு விடுகதை, கீழே 61. ஏழாம் இதழில் மறுபடி 147, ஒன்பதில் மறுபடி 147. எந்தப் பக்கத்திலும் ஒரு பெயர் கிடையாது.

“என்னடி இது? பக்க நம்பரும் இல்ல, இதழ் நம்பரும் இல்ல.”

தனுஜா எட்டிப் பார்த்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நாலு வருஷப் பல்கலைக்கழகமும் பொலபொலவென்று உதிர்ந்தது.

“நிரோ, ஒங்கம்மாவோட செக்ரோல் நம்பர் என்ன?”

“இருநூத்திப் பன்னெண்டு.” யோசிக்காமலே வந்தது. பாடசாலைப் படிவத்தில், மருந்துத் துண்டில், அம்மா ஈரக் கையோடு நின்று ‘எழுதுடா’ என்று சொல்லச் சொல்ல எத்தனை தடவை எழுதியிருப்பான்.

“அப்ப இது என்னவாம்? தோட்டத்துல நாலு மீனம்மா, மூணு வீரம்மா இருப்பாங்க. மலையில நின்னு பேரைக் கூப்பிட்டா மூணு நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்க. நம்பரைச் சொன்னாத்தான் ஆள் தெரியும். எழுதுனவங்க பேருக்குப் பதிலா நம்பரைப் போட்டிருக்காங்கடா, மடையா.”

நிரோஷன் மேசையில் கையை ஊன்றினான். நல்ல வேளை, மேசை ஆடவில்லை.

செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் புத்தகம். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் விடிகாலையில் நம்பர் வாசிப்பார்கள். மலையில் கொழுந்து நிறுக்கும்போதும் அதே நம்பர்தான். மாஸ்டர்மார் அந்தப் புத்தகத்தில் இல்லை. அவர்கள் வேறு கணக்கு. மாமாவுக்கு வாழ்நாளில் செக்ரோல் நம்பரே இருந்ததில்லை.

“நூத்தி நாப்பத்தேழு யாருன்னு எப்படிடி கண்டுபிடிக்கிறது?”

“பழைய செக்ரோல் ஆபீஸ்ல இருந்தா பார்க்கலாம். ஆனா அதைக் கறையான் இந்நேரம் படிச்சு முடிச்சு ஒனக்கு முன்னாடியே பட்டம் வாங்கியிருக்கும். ஒருத்தர் வேலைய விட்டா நம்பர் அடுத்த ஆளுக்குப் போயிரும், அதனால இப்ப இருக்கிறவங்களைக் கேட்டும் பிரயோசனம் இல்ல.” தனுஜா பக்கங்களைப் படம் எடுக்க அவனுடைய கைபேசியை வாங்கினாள். கவிதையை வாசித்தவள் கைபேசியை மேசையில் வைத்தாள். “நீ இதுக்கு என்ன வியாக்கியானம் எழுதுன?”

“விடு.”

“சொல்லுடா.”

“‘பால் என்பது தேநீரில் சேரும் பால். உழைப்பவனுக்கு எட்டாத செழிப்பின் குறியீடு.’”

தனுஜா சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை. “கைப்புள்ளைய பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போனவ எழுதுனதுடா இது,” என்றாள். “ஒங்க மாமா சட்டைய எந்தப் பாலு நனைச்சுது?”

பிள்ளைக் காம்பரா என்றால் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம். நிரோஷனும் அங்கே வளர்ந்தவன்தான். தொட்டில் வரிசையும், ஆயம்மா வீரம்மாவின் சுருட்டைத் தலைமுடியும், அவளுடைய பெருங்குரலும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தில் பாதிப் பேரை ஆட்டித் தூங்கவைத்த கை அவளுடையது.

றொசல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அந்த விழா நாள் அவன் கண்முன் ஓடியது. தோட்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்துப் போயிருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டியில் மேடையில். வீரம்மா ஆயம்மா முன்வரிசையில் நீலச் சேலையில். அறிவிப்பாளர் கவிதையை மைக்கில் வாசித்தார். ‘மேல நனைச்சது மழை’ என்றவர், அடுத்த வரியில் ‘பால்’ வந்ததும் சபை நாகரிகம் கருதியோ என்னவோ தாண்டிப் போய்விட்டார். முன்வரிசையிலிருந்து ஆயம்மாவின் குரல் எழுந்தது: “உள்ள நனைச்சது பால். அதை விட்டுட்டீங்க.” சபை சிரித்தது. நிரோஷனும் சிரித்தான். மாமாவின் கவிதை கடைக்கோடி மக்களுக்கும் மனப்பாடம் என்று அன்றைக்கே வலைப்பூவில் ஒரு பந்தி எழுதினான்.

பந்தி இன்னும் இருக்கிறது. நாற்பத்தொரு விருப்பங்களோடு.

மாமாவின் வீட்டில் அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி அலுமாரியில் பொன்னாடை, நாலாக மடித்து, மேலே பொலித்தீன் போட்டு. ஓய்வுபெற்ற பிறகும் மாமா சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார்.

“வாடா மாப்ள! நீ வருவேன்னு காலையிலேயே காக்கா கத்துச்சு. காக்கான்னதும் ஞாபகம் வருது...”

“மாமா, நான் முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன்.”

மாமா நிறுத்தினார். குறுக்கே பேசி அவரை நிறுத்தியவர்கள் இந்தத் தோட்டத்தில் குறைவு.

நிரோஷன் சொன்னான். ஐந்து தளங்களும் தன்னிடமிருந்தே எடுத்தவை என்று சொன்னான். கேட்காமல் விசாரிக்காமல் அவர் பெயரைப் போட்டது தான்தான், ஒரு நம்பரைக்கூட வாசிக்கத் தெரியாத முட்டாள் தான்தான் என்றான். கட்டுரையில் அதை அப்படியே எழுதப்போவதாகவும் சொன்னான். இந்தத் தடவை வேகமாகச் சொல்லவில்லை. கைபேசியில் நாலாம் இதழின் படத்தை நீட்டினான்.

மாமா கண்ணாடியை மாட்டினார். தன் இருபத்தைந்து வயதுக் கையெழுத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஸ்டென்சில்ல ‘ழ’ வெட்டுறதுதான் கஷ்டம். கொஞ்சம் அழுத்துனா கிழிஞ்சிரும்,” என்றார். “சனிக்கிழமை சாயங்காலம் வாசிகசாலையில எல்லாரும் வந்து சொல்லுவாங்க. நின்னுக்கிட்டே சொல்லுவாங்க, சோறு ஆக்கப் போகணுமே. நான் எழுதிக்குவேன். முதல் இதழைக் கொண்டுபோறன்னைக்கு மழைன்னா மழை. ஸ்டென்சில் நனைஞ்சா எல்லாம் போச்சு. அப்ப மலையிலேருந்து எறங்கி வந்த ஒரு புள்ள, தன் இடுப்புல கட்டியிருந்த படங்கை அவுத்து, உள்பக்கம் காய்ஞ்சிருக்கு மாஸ்டர், இதுல சுத்திக்கிட்டுப் போங்கன்னு குடுத்துச்சு. தான் நனைஞ்சுக்கிட்டே லயத்து வீட்டுக்குப் போச்சு. அதான் சஞ்சிகைக்கே அந்தப் பேரு.”

முதல் தடவையாக மாமாவின் கதை கேள்வியை விட்டு விலகாமல், கேள்விக்குக் கிட்டே கிட்டே வருவதுபோல் நிரோஷனுக்குப் பட்டது.

“நீ வலைப்பூவுல போட்டப்ப ரெண்டு நாள்ல சரிபண்ணச் சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு நாள் ரெண்டு வருஷமாச்சு. அதுக்குள்ள பொன்னாடையோட வந்துட்டாங்க.” மாமா அலுமாரியைப் பார்க்காமல் பேசினார். “வேன்ல திரும்பி வரும்போது பின்சீட்டுலேருந்து அதே புள்ளதான் கேட்டுச்சு, ‘சால்வை பாரமா இருக்கா மாஸ்டர்?’னு. சும்மா சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுச்சு. நான் பாதை வழுக்குதுன்னு டிரைவர்கிட்ட பேசிக்கிட்டு வந்தேன். நாலு காம்பரா தள்ளித்தான் இருக்கு, தெனமும் பார்க்கிறோம். இன்னும் பதில் சொல்லல.”

கேத்தல் பொங்கி அடுப்பில் சீறியது. இருவரும் எழும்பவில்லை.

“மாமா,” என்றான் நிரோஷன். “நூத்தி நாப்பத்தேழு யாரு?”

மாமா வாயைத் திறந்தார். ஒரு கதை கிளம்பி வருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதை விழுங்கினார்.

“வீரம்மா,” என்றார். “நம்ம ஆயம்மா. மூணும் அதோட கவிதை. கையெழுத்து மட்டுந்தான் என்னது.”